மெட்டு யாருடையது?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்)

சென்ற ஆகஸ்டு மாதம் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு பாட்டுப் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து பதினொரு பேர் சென்றிருந்தோம். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்த தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்பது விதி. எங்கள் பாட்டு கடலைப் பற்றியது. கடலூர்ப் பெண்கள் வேறு எதைப் பற்றி எழுதப் போகிறோம்? பாடி முடித்ததும் கைதட்டல் நன்றாகவே இருந்தது. நடுவர்களில் ஒருவர் புன்னகையோடு, "மெட்டு யாரம்மா போட்டது?" என்று கேட்டார். எங்கள் தோழி ஒருத்தி ஓரடி முன்னே வந்து, "நான்தான் ஐயா. பள்ளிக் கணிப்பொறியில் போட்டேன்" என்றாள்.

புன்னகை மறைந்தது. நடுவர்கள் தமக்குள் சிறிது நேரம் பேசிக் கொண்டார்கள். முடிவில் எங்கள் பாட்டு மதிப்பெண் பட்டியலிலேயே சேர்க்கப்படவில்லை. "கணிப்பொறி போட்ட மெட்டைச் சொந்த மெட்டு என்று எப்படி ஏற்றுக்கொள்வது?" என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வேனில் திரும்பி வரும்போது ஒருவரும் பேசவில்லை. கெடிலம் பாலம் தாண்டிய பிறகுதான் ஒருத்தி, "ஆர்மோனியத்தில் போட்டேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே!" என்றாள். மெட்டமைத்தவள் பதில் சொல்லாமல் சன்னல் பக்கம் திரும்பிக் கொண்டாள். உடன் வந்த சிஸ்டர் மட்டும், "உண்மை சொன்னதற்காக யாரும் வருந்தக் கூடாது. ஆனால் அவர்கள் கேட்டதும் நல்ல கேள்விதான். கோபம் ஆறிய பிறகு யோசித்துப் பதில் எழுதுங்கள்" என்றார்கள். கோபம் ஆற ஒரு மாதம் ஆயிற்று. யோசிக்க மேலும் இரண்டு மாதம். எங்கள் பதிலை இந்த மலரில் எழுதுகிறோம்.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம். எங்கள் தோழியின் தந்தை தேவனாம்பட்டினத்தில் கடல் தொழில் செய்பவர். அவள் பாட்டு வகுப்புக்குப் போனதில்லை. வீட்டில் ஆர்மோனியமோ வீணையோ கிடையாது. காது மட்டும் நல்ல காது. உணவு இடைவேளையில் கணிப்பொறி அறையில் உட்கார்ந்து, இலவசமாகக் கிடைக்கும் இசை மென்பொருள் ஒன்றை அவளாகவே பழகிக்கொண்டாள்.

அந்த மென்பொருளைப் பார்க்காத பெற்றோருக்காகச் சொல்கிறோம். திரையில் கணக்கு நோட்டுப் போலக் கட்டங்கள் இருக்கும். மேலே போகப் போகச் சுரம் உயரும்; இடமிருந்து வலமாகக் காலம் நகரும். ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தச் சுரம் அந்த நேரத்தில் ஒலிக்கும். கட்டத்தை நீளமாக இழுத்தால் சுரம் நீளும். மோகனம் வேண்டுமானால் ச, ரி, க, ப, த என்ற ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூட்டிவிடலாம். அதன் பின் எங்கே கை வைத்தாலும் மோகனத்துக்கு வெளியே போக முடியாது. இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால், பூட்டாமல் விட்ட சுரங்களைக் கணிப்பொறியே மனம்போனபடி கட்டங்களில் தூவிக் காட்டும். பிடிக்காவிட்டால் மறுபடி அழுத்தலாம்.

எங்கள் தோழி பல்லவியைத் தானே கட்டம் கட்டமாக வைத்தாள். சரணத்துக்கு அந்தப் பொத்தானை அழுத்தினாள். ஏறக்குறைய நாற்பது முறை அழுத்தியிருப்பாள். வந்தவற்றில் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டாள். இதை நாங்கள் மறைக்கவில்லை. நடுவர்களின் கேள்வி முழுவதும் இந்த நாற்பது அழுத்தல்களில்தான் இருக்கிறது.

முதல் நாள் அந்த மெட்டுக்கு எங்கள் சொற்களை வைத்துப் பாடியபோது வகுப்பே சிரித்துவிட்டது. "அப்பா வலை வீசினார்" என்று நாங்கள் எழுதியிருந்தோம். கணிப்பொறி கொடுத்த வரியில் 'வ' என்ற எழுத்து விழுந்த இடத்தில் நீண்ட சுரம் இருந்தது. ஆகவே, "அப்பா வாலை வீசினார்" என்று ஆயிற்று. சிரிக்காமல் என்ன செய்வது? அடுத்த வரியில் கடலுக்குப் போன 'கலம்' திரும்பி வர வேண்டும். மெட்டு அதைக் 'காலம்' ஆக்கிவிட்டது.

பாட்டு டீச்சர் சிரிக்கவில்லை. "தமிழ் இலக்கண வகுப்பில் மாத்திரை படித்தீர்களே, எதற்காக?" என்று கேட்டார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம். அது கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் கொண்டு நம் முன்னோர் அளந்த கால அளவு, அதாவது இசைக் கணக்கு, என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. தமிழில் எழுத்தை நீட்டினால் ஓசை மட்டும் மாறுவதில்லை, பொருளே மாறிவிடுகிறது. மலை மாலை ஆகிறது, பட்டு பாட்டு ஆகிறது. இலக்கணத்தில் அளபெடை உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், ஆனால் பொருள் சிதையாத இடத்தில்தான் அது அழகு. மேனாட்டில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு ஆறும் தெரியாது, ஆரும் தெரியாது. வலையும் தெரியாது, வாலும் தெரியாது.

எங்கள் தோழி மறுநாள் 'வ'வின் கட்டத்தைக் குறுக்கி, 'லை'யை நீட்டினாள். 'கலம்' வருமிடத்தில் சுரத்தையே மாற்றி, தாரத் தாயின் குரல் போல மேலே கொண்டு போனாள். அந்தத் திருத்தங்களுக்குப் பத்து நாள் பிடித்தது. கணிப்பொறி கொடுத்த வரியில் முடிவில் மிஞ்சியது நான்கு சுரமோ ஐந்து சுரமோதான்.

இனிக் கேள்விக்கு வருவோம். விதியை வைத்துக்கொண்டு மெட்டை உண்டாக்குவது நேற்று வந்த பழக்கமா? இல்லை என்பதற்கு நம் சிலப்பதிகாரமே சாட்சி. ஆய்ச்சியர் குரவையில் மாதரி என்ன செய்கிறாள்? ஏழு ஆயர் மகளிரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை ஒவ்வொருத்திக்கும் வைக்கிறாள். இன்றைய ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழின் பழந்தமிழ்ப் பெயர்கள் அவை. நின்ற இடமே சுரம். அங்கே பாடப்படும் முல்லைத் தீம்பாணிதான் இன்றைய மோகனம் என்று இசையறிஞர் பலர் கூறுவர்.

இதை நாங்கள் பள்ளி மைதானத்தில் செய்து பார்த்தோம். மோகனத்தின் ஐந்து சுரங்களுக்கு ஐந்து பேர் வட்டமாக நின்றோம். 'ச' ஆக நின்றவளிடமிருந்து தொடங்கி வரிசையாகப் பாடினால் மோகனம். ஒருவரும் இடம் மாறாமல், 'ரி' ஆக நின்றவளை 'ச' என்று வைத்துத் தொடங்கினால் மத்தியமாவதி. 'க'விலிருந்து தொடங்கினால் இந்தோளம். 'ப'விலிருந்து சுத்த சாவேரி. 'த'விலிருந்து சுத்த தன்யாசி. ஐந்து பெண்கள், ஐந்து இராகங்கள்! இதைப் பழந்தமிழர் பண்ணுப் பெயர்த்தல் என்றார்கள். இன்று கிரக பேதம் என்கிறார்கள். மென்பொருளில் இது ஒரு பொத்தான். மாதரியின் முற்றத்தில் அது ஒரு குரவைக் கூத்து. கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலி நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குவிதோ என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, திருமுழுக்கு யோவானைப் பற்றிய இலத்தீன் பாடலின் அடிகளின் முதலசைகளைக் கொண்டே சுரங்களுக்குப் பெயர் வைத்தார். இன்று உலகம் முழுவதும் பாடும் 'ரே, மி, ஃபா, சோல், லா' அங்கிருந்து வந்தவை. அவர் 1026-ஆம் ஆண்டையொட்டி எழுதிய நூலில் மெட்டமைக்க ஒரு வழி சொல்கிறார். அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிர்களையும் சுரங்களோடு இணைத்துக்கொள். பாட்டின் சொற்களில் எந்த உயிர் வருகிறதோ அந்தச் சுரத்தைப் பாடு. வந்ததில் நல்லதைத் தேர்ந்துகொள். இதை இயந்திரம் இல்லாத கணிப்பொறி என்று சொன்னால் தவறாகுமா?

தஞ்சையில் 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி செய்ததும் பெருங்கணக்குதான். ச, ப இரண்டும் அசையாதவை. ரி, க இரண்டையும் சேர்த்து 6 வகை. த, நி இரண்டையும் சேர்த்து 6 வகை. ம 2 வகை. ஆறு, ஆறு, இரண்டு மூன்றையும் பெருக்கினால் 72. இவையே 72 மேளங்கள். இதில் ஒரு சுவையான செய்தி: அவர் காலத்தில் வழக்கில் இருந்த மேளங்கள் 19 மட்டுமே. மற்றவை கணக்கில் பிறந்து, பாடுவார் இல்லாமல் காத்திருந்தன. பின்னால் வந்த மேதைகள் அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள்.

நாங்களும் கணக்கை மேலே கொண்டு போய்ப் பார்த்தோம். ஒரு மேளத்தின் ஏழு சுரங்களில் 'ச'வை விட்டுவிடாமல் ஏழும் எடுக்க 1 வழி, ஆறு எடுக்க 6 வழி, ஐந்து எடுக்க 15 வழி, ஆக 22. ஏறுவதற்கு 22, இறங்குவதற்கு 22 என்றால் 484. இதை 72-ஆல் பெருக்கினால் 34,848. ஒரே வரிசை இரண்டு மேளங்களில் திரும்ப வருவதுண்டு. அவற்றைக் கழித்தாலும் பல்லாயிரம். கணிப்பொறி இத்தனையையும் ஒரு நொடியில் பட்டியல் போட்டுவிடும். ஆனால் கச்சேரிகளில் நாம் கேட்பவை சில நூறுதானே! ஏணிகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. யாரோ ஒருவர் ஏறிப் பார்த்து, "இங்கே ஒரு வீடு இருக்கிறது" என்று சொன்னால்தான் அது இராகம். டாக்டர் பாலமுரளிகிருஷ்ணா நான்கே சுரங்களில் மகதி, இலவங்கி போன்ற இராகங்களை உண்டாக்கியபோது செய்தது அதைத்தான்.

திரையிசையிலும் இப்படி உண்டு. 1985-இல் வெளிவந்த 'சிந்து பைரவி' படத்தில் 'கலைவாணியே' என்ற பாட்டை இளையராஜா ஆரோகணத்தை மட்டும் வைத்து அமைத்தார். ஏறலாம், இறங்கக் கூடாது என்பது அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி. அந்த விதியைக் கணிப்பொறியிடம் கொடுத்தால் அதுவும் இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். கேட்பவர் கண் கலங்குமா என்பதுதான் வேறு செய்தி.

இயந்திரம் மெட்டமைக்கலாம் என்று வெகு காலத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு என்பதையும் தோழியர் அறிய வேண்டும். கணிப்பொறி என்ற ஒன்றே உருவாகாத 1843-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் அடா லவ்லேசு அம்மையார், சுரங்களுக்கிடையே உள்ள உறவுகளை இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்தால் அது இசை இயற்றலாம் என்று குறித்து வைத்தார். 1957-இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் இலெயாரன் இல்லர், இலியனார்டு ஐசக்சன் இருவரும் அதைச் செய்து காட்டினார்கள். கணிப்பொறி எண்களைத் தற்செயலாகத் தூவும். இசை விதிக்கு ஒத்தது நிற்கும், ஒவ்வாதது நீங்கும். எங்கள் தோழி நாற்பது முறை பொத்தானை அழுத்தியதும் இந்த முறைதான். ஒரே வேறுபாடு, விதிக்குப் பதில் அவள் காது நின்றது.

சிதம்பரத்துக்கு நாங்கள் சுற்றுலா சென்றதையும் இங்கே சொல்ல வேண்டும். பிச்சாவரம் பார்த்துவிட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் இசைக் கல்லூரி தொடங்கிய இடம் அது. 1941-இல் தமிழிசை மாநாடு கூடி, தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டதும் அங்கேதான். தமிழில் பாடுவதே குறைவு என்று சிலர் எண்ணிய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்று நம்ப முடிகிறதா? அங்கே 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலானந்த அடிகள் ஈழத்து மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்தவர், புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர், அறிவியல் பட்டதாரி. சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைக் கணக்கு வழியாக ஆராய்ந்து, மறைந்துபோன யாழை மீட்டு, 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். கணக்கும் இசையும் பகை என்று யார் சொன்னது?

அன்று இசைத் துறைப் பக்கம் நடந்தபோது, உள்ளே யாரோ ஒரு மாணவி வீணையில் ஒரே ஒரு பிடியை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மரத்தடியில் கட்டுச்சோறு தின்று முடிக்கும் வரை அதே பிடி. எங்களில் சிலருக்குச் சலிப்பு. மெட்டமைத்த தோழி மட்டும், "ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கிறது, கேளுங்கள்" என்றாள். அவளுக்குக் கேட்ட வேறுபாடு எங்களுக்கு முதலில் கேட்கவில்லை. பத்தாவது முறையில்தான் கேட்டது.

அந்த வேறுபாட்டைத்தான் மென்பொருள் தவறவிடுகிறது. ஒரு சிறு கணக்கு. 'ச' 240 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். தம்புராவில் இயல்பாக எழும் 'ப' அதைப்போல் ஒன்றரை மடங்கு, 360. அந்தர காந்தாரம் ஒன்றே கால் மடங்கு, 300. கணிப்பொறியும் மேனாட்டு மின் பியானோவும் பன்னிரண்டு இடங்களையும் சமமாகப் பங்கு போடுகின்றன. அதனால் அவற்றின் 'ப' ஏறக்குறைய 359.6, அது காதுக்குத் தெரியாது. ஆனால் 'க' 302.4, பழகிய காதுக்கு அது தெரிந்துவிடும். பாட்டு டீச்சர், "உங்கள் காந்தாரம் கொஞ்சம் கூச்சல் போடுகிறது" என்று சொன்னதன் பொருள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே எங்களுக்கு விளங்கியது. அதோடு நம் சுரங்கள் கட்டத்துக்குள் அசையாமல் உட்காருபவை அல்ல. தோடியின் காந்தாரம் ஊஞ்சல் போல ஆடும். கமகத்தைக் கட்டங்களில் எழுதலாம், எழுதுகிறவர்களும் உண்டு; ஆனால் எழுதுகிறவருக்குக் கமகம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாததை எந்த மென்பொருளும் நமக்காகப் பாடித் தராது.

இனி மறுப்பவர்களின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் நடுவர்களின் கட்சி. அவர்களில் ஒருத்தி ஏழு ஆண்டுகளாக வீணை கற்கிறாள். விடியற்காலையில் எழுந்து விரல் தழும்பேறச் சாதகம் செய்கிறவள் அவள். "நான் இத்தனை ஆண்டு கற்றதும், நீ பொத்தானை அழுத்தியதும் ஒன்றா?" என்று அவள் கேட்டபோது எங்களிடம் உடனே பதில் இல்லை. ஒரு தோழியின் தந்தை, "இப்படியே போனால் கல்யாணத்துக்கு நாதசுரக்காரரையும் அழைக்க மாட்டார்கள், பெட்டியைத் திறந்து வைத்துவிடுவார்கள்" என்றார். அந்தக் கவலையும் பொய்யல்ல. 2023-க்குப் பிறகு, "கடலைப் பற்றி ஒரு சோகப் பாட்டு" என்று எழுதினால் சொல், மெட்டு, குரல், வாத்தியம் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் கொடுக்கும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அப்படி வந்த பாட்டைத் தன் பாட்டு என்று சொல்லிப் பரிசு வாங்கினால் அது திருட்டே. நடுவர்கள் அஞ்சியது அதற்குத்தான் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆனால் அச்சத்தால் கருவியையே விலக்கி வைப்பது நம் நாட்டில் முன்பும் நடந்திருக்கிறது. ஆர்மோனியத்தை 1940-இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. அதே ஆர்மோனியம்தான் நம் ஊர் நாடகக் கொட்டகைகளையும் பஜனைகளையும் சிற்றாலயப் பாடல் குழுக்களையும் வாழ வைத்தது. வயலினோ வெள்ளைக்காரரோடு வந்தது. பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டு வந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? 1979-இல் பெங்களூரில் மின்னணுத் தம்புரா பிறந்தது. இன்று பல பாடகர் வீடுகளில் அதுதான் சுருதி சேர்க்கிறது. கருவி வெளியிலிருந்து வந்தது என்பது குற்றமல்ல. அதை நாம் நம் காதுக்கு வளைத்தோமா, நம் காதை அதற்கு வளைத்துவிட்டோமா என்பதுதான் கேள்வி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கணிப்பொறியைக் குறை சொல்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கணிப்பொறியால் மட்டும் இசை வந்துவிடும் என்கிறவர்களுக்கும் பொருந்தும். கூடம் எப்படி இருந்தாலும் ஆட வேண்டியவள் ஆடத்தான் வேண்டும்.

அப்படியானால் மெட்டு யாருடையது? எங்கள் வகுப்பு நெடுநேரம் வாதாடி மூன்று சோதனைகளைக் கண்டது. முதலாவது, இயந்திரத்தை அணைத்துவிட்டு அந்த மெட்டைத் தன் வாயால் பாட முடிகிறதா? இரண்டாவது, "இந்த இடத்தில் இந்தச் சுரம் ஏன்?" என்று கேட்டால் காரணம் சொல்ல முடிகிறதா? மூன்றாவது, எங்கே உதவி பெற்றாள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறாளா? இந்த மூன்றிலும் தேறினால் மெட்டு அவளுடையது. ஒன்றில் தவறினாலும் அவளுடையது அன்று. அவள் ஆர்மோனியத்தில் போட்டிருந்தாலும் சரியே. வேறொரு திரைப்பாட்டின் மெட்டை ஆர்மோனியத்தில் வாசித்துச் சொல்லை மட்டும் மாற்றி வந்தவர்கள் அந்தப் போட்டியிலேயே இருந்தார்கள். அவர்களை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

எங்கள் தோழி மூன்றிலும் தேறுவாள். மேடையில் கணிப்பொறி இல்லை. அவள் குரல்தான் இருந்தது. 'கலம்' ஏன் மேலே போகிறது என்று கேட்டால், கரையில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பதால் என்பாள். உண்மையைச் சொன்னதால்தானே பரிசே போயிற்று!

மூன்றாவது சோதனையைப் பெரியவர்களும் மதிக்கிறார்கள். 2024-இல் ஏ. ஆர். ரகுமான் மறைந்த இரு பாடகர்களின் குரலைச் செயற்கை அறிவின் துணையால் ஒரு பாட்டில் பயன்படுத்தியபோது, அவர்கள் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகவே அறிவித்தார். அதைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவர் ஒளிக்கவில்லை.

வீணை கற்கும் தோழிக்கும் பதில் சொல்ல வேண்டும். அவள் ஏழாண்டு உழைப்பு வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 'வாலை'யை 'வலை' ஆக்கியபோதும், காந்தாரத்தின் கூச்சலை அடக்கியபோதும் எங்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரிந்தது. பாட்டு டீச்சர் இல்லாவிட்டால் அந்த மெட்டு சிரிப்புக்கிடமாகவே நின்றிருக்கும். ஆனால் பாட்டு வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பெண்ணுக்கு வாசல் எது? அந்தக் கட்டங்கள் அவளுக்கு வாசல். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால் தவறு. உள்ளே போக வேண்டும். வாசலே கூடாது என்றால் அவள் எங்கே போவாள்?

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பழங்கதை உண்டு. விருத்தாசலத்துக்கு அருகே உள்ள இராசேந்திரப்பட்டினத்துக்குத் திருஎருக்கத்தம்புலியூர் என்பது பழம்பெயர். தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தன. பாடல்கள் இருந்தன, பண்கள் மறைந்திருந்தன. அப்போது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த, எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண் வகுத்தார்கள் என்று 'திருமுறை கண்ட புராணம்' கூறுகிறது. அரசனும் அறிஞரும் தேடிச் சென்றது ஒரு பாணர் குடிப் பெண்ணை. அவள் எந்த வீட்டுப் பெண், எந்தக் கருவியில் கற்றாள் என்று கேட்டுக் கதவடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் சமயத்தைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்களும் நீதிமன்ற வேலைக்கிடையில் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை இயற்றினார்; பெண்கள் கற்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். இசை ஒரு சிலருடைய பூட்டிய பெட்டி அல்ல என்பதை இருவர் கதையும் சொல்கின்றன.

ஆகவே எங்கள் பணிவான கருத்துகளை மதர் அவர்கள் முன்னும், சிஸ்டர்கள், ஆசிரியைகள், பெற்றோர் முன்னும் வைக்கிறோம். வாரத்தில் ஒரு நாளாவது பாட்டு வகுப்பும் கணிப்பொறி வகுப்பும் ஒன்றாக நடக்கட்டும். கட்டங்களில் கை வைக்குமுன் ஒவ்வொருத்தியும் சரளி வரிசையைச் சுருதியோடு பாடப் பழகட்டும். மெட்டமைக்கிறவள் தமிழாசிரியையிடம் குறில் நெடில் சரிபார்த்துக்கொள்ளட்டும். எந்த உதவியில் மெட்டு பிறந்தது என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவோம். பிற போட்டிகளை நடத்துவோரும் பாடுமுன்பே அதை எழுதி வாங்கிக்கொண்டால், உண்மை சொல்கிறவள் மேடையில் தலைகுனிய நேராது. முழுப் பாட்டையும் ஒரே சொடுக்கில் தரும் கருவிகளைப் பள்ளிப் போட்டிகளில் அனுமதிக்கவே வேண்டாம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து வகுப்பில் படித்துக் காட்டியபோது வீணை கற்கும் தோழி எழுந்து நின்றாள். மறுத்துப் பேசப் போகிறாள் என்றே நினைத்தோம். "மூன்று சோதனைகளையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காந்தாரம் இன்னும் கூச்சல் போடுகிறது. நாளைக்கு வீணை கொண்டு வருகிறேன்" என்றாள். கொண்டும் வந்தாள்.

ஆண்டு விழாவில் அந்தப் பாட்டு வீணையோடு பாடப்படும். நிகழ்ச்சி நிரலில் சொல் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு என்றும், மெட்டு எங்கள் தோழியின் பெயரிலும், அதன்கீழே 'உதவி: பாட்டு டீச்சர், பள்ளிக் கணிப்பொறி' என்றும் இருக்கும். அவளுடைய தந்தை அன்று கடலுக்குப் போகவில்லை என்று சொல்லியிருக்கிறார். பெற்றோர் அனைவரும் வந்து கேட்டு, மெட்டு யாருடையது என்று எங்களுக்குச் சொல்லும்படி அன்புடன் அழைக்கிறோம்.